இஸ்மாயில் பாஷாவின் ஆடம்பரமும் எகிப்து பட்ட கடனும்

கப்பலிலேயே கடல் கடக்க வேண்டியிருந்த காலத்திற் கொழும்பிலிருந்து இலண்டனுக்குக் கல்வி கற்கச் சென்ற நம் பெரியோரிற் பெரும்பாலார் சூயஸ் கால்வாயைக் கண்டவர்களே. இருமருங்கும் மணல்வெளி விரிந்து கிடக்க, அதன் நடுவே பெருங்கப்பல் ஊர்ந்து செல்வது எவர்க்கும் வியப்பளிப்பதொன்றாம். அதனை வெட்டுவித்த பிரெஞ்சுக்காரராகிய தெ லெசெப்ஸின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால், அக்கால்வாயின் திறப்புவிழாவுக்கு ஐரோப்பா முழுவதையும் விருந்துக்கு அழைத்துப் பத்தே ஆண்டுகளில் அரியணையை இழந்து நாட்டைவிட்டு வெளியேறிய மன்னன் ஒருவனை நம்மவரிற் பலர் அறியார். அவனே எகிப்தை ஆண்ட இஸ்மாயில் பாஷா. அவனது வீண் செலவின் விளைவொன்று நமது இலங்கைக் கரையையும் வந்து தொட்டது. அதனைப் பின்னர்ச் சொல்லுவோம்.

எகிப்து அக்காலத்தில் துருக்கிச் சுல்தானின் பேரரசுக்குட்பட்ட ஒரு மாகாணம். எனினும் முகம்மது அலி என்னும் வீரன் அதனைத் தன் குடும்பச் சொத்தாக்கிவிட்டான். இஸ்மாயில் அவனுடைய பேரன். 1830ஆம் ஆண்டிற் பிறந்தவன். பாரிஸ் நகரிற் கல்வி பயின்றவன். பட்டத்துக்குரியவனாய் அவனுக்கு முன் இருந்தவன் மூத்தோனாகிய அகமது. 1858ஆம் ஆண்டில், அகமது ஏறிவந்த புகைவண்டிப் பெட்டி கப்ர்-எல்-சயாத் என்னுமிடத்தில் நைல் நதிக்குள் விழ, அவன் நீரில் மூழ்கி இறந்தான். 1863ஆம் ஆண்டு ஜனவரி மாதம் சிறிய தந்தையாகிய சையிது பாஷாவும் இறக்கவே, இஸ்மாயில் தன் முப்பத்திரண்டாம் வயதில் ஆட்சிக்கு வந்தான்.

அவன் வந்த வேளை நல்ல வேளை என்றே எவரும் சொல்லியிருப்பர். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. அந்நாட்டுத் தென்மாகாணங்களின் பருத்தி இங்கிலாந்துக்கு வராமல் நின்றுபோக, மான்செஸ்டர் ஆலைகள் எகிப்தின் பருத்திக்கு எந்த விலையுங் கொடுக்க ஆயத்தமாயிருந்தன. விலை பலமடங்கு ஏறியது. நைல் நதிப் பள்ளத்தாக்கில் நெல்லும் கோதுமையும் விளைந்த வயல்களிற் பருத்தி விளைந்தது. நாட்டிற் பொன் பாய்ந்தது. இந்தப் பொன்மழை என்றும் பெய்யும் என்று இளம் மன்னன் நம்பினான். 1865இற் போர் முடிந்தது. பருத்தி விலையும் வீழ்ந்தது. ஆனால் அவனுடைய கை மட்டும் சுருங்கவில்லை.

இவன் வெறுமனே உண்டு உடுத்து மகிழ்ந்த அரசன் அல்லன். குள்ளமான, பருத்த தேகமும் செம்பட்டை நிறத்துத் தாடியும் உடையவன். பேச்சில் மிக இனியவன். நள்ளிரவு வரை அரசாங்க அலுவல் பார்க்கக் கூடியவன். அவனிடம் பணம் கேட்க வந்த கடன்காரர், இன்னும் கொஞ்சம் கடன் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவனைப் பிடித்திருந்த நோய் வேறு. தான் ஒரு சுல்தானின் கீழ்ப்பட்ட மாகாண அதிபதி என்பதை அவனாற் பொறுக்க முடியவில்லை. ஐரோப்பிய முடிமன்னர்களோடு சரியாசனத்தில் அமர வேண்டும். அவர்கள் தன்னைச் சகோதரன் என்று அழைக்க வேண்டும். இந்த ஓர் ஆசைக்காகவே அவன் செய்த செலவுகளிற் பாதி செய்யப்பட்டது என்பது எமது துணிபு.

முதலிற் பட்டம் வாங்கினான். துருக்கியில் எதற்கும் விலையிருந்தது. அரசுரிமை குடும்பத்தின் மூத்தோனுக்குச் செல்லாமல் தன் மகனுக்கே செல்லவேண்டும் என்று 1866இற் சுல்தானிடம் ஆணை பெற்றான். அதற்கு ஈடாக எகிப்து ஆண்டுதோறும் கட்டிய திறை 3,76,000 பவுணிலிருந்து 7,20,000 பவுணாக ஏறியது. மேலிடத்து அதிகாரிகளுக்குக் கைக்குள் வைத்தவை வேறு. அடுத்த ஆண்டில் ஒரு சிறப்புப் பட்டமும் வேண்டும் என்றான். அவன் விரும்பியது ‘அசீஸ்’ என்னும் பட்டம். திருக்குர்ஆனில் யூசுப் நபியின் வரலாற்றில் எகிப்தின் பெருந்தலைவனுக்கு வழங்கும் பெயர் அது. ஆனால் அப்பொழுது ஆண்ட சுல்தானின் பெயர் அப்துல் அசீஸ். ‘அப்து’ என்றால் அடிமை. இஸ்மாயிலுக்கு ‘அசீஸ்’ என்று பட்டம் கொடுத்தாற் சுல்தான் இவனுக்கு அடிமை என்று பொருள்பட்டுவிடுமே! ஆகவே அது மறுக்கப்பட்டது என்பர். ஈற்றில் ‘கெதீவ்’ என்னும் பாரசீகச் சொல் ஒன்றைத் தேடியெடுத்து 1867 யூன் மாதத்தில் அளித்தனர். தலைவன் என்பதே அதன் பொருள். ஒரு சொல்லுக்காக ஒரு நாட்டின் உழவர் எத்தனை பொதி பருத்தி விளைத்திருப்பர் என்று எண்ணும்போது நமக்குச் சிரிப்பும் வருகின்றது, சினமும் வருகின்றது.

அதே 1867இற் பாரிஸ் நகரிற் பெருங் கண்காட்சி நடந்தது. எகிப்திய மண்டபம் ஒன்று பழைய கோயில் வடிவில் அங்கு எழுந்தது. இஸ்மாயிலும் நேரிற் சென்றான். மூன்றாம் நெப்போலியன் தன் தலைநகரின் ஒடுங்கிய தெருக்களையெல்லாம் இடித்து அகன்ற வீதிகளாக்கிய காலம் அது. அதைக் கண்ட கெதீவுக்குக் கண் மயங்கியது. திரும்பி வந்ததும் பழைய கெய்ரோவுக்கும் நைல் நதிக்கும் இடையில் ஒரு புதிய பாரிஸ் எழும்பத் தொடங்கிற்று. நேர்வீதிகள், வட்டச் சதுக்கங்கள், எரிவாயு விளக்குகள், பாரிஸிலிருந்து தருவித்த தோட்டக்கலை வல்லுநன் அமைத்த எஸ்பெக்கியாப் பூங்கா எனப் பல வந்தன. புதிய பகுதிக்கு ‘இஸ்மாயிலியா’ என்று தன் பெயரையே சூட்டினான். மாளிகைகளோ ஒன்றல்ல, இரண்டல்ல. அவற்றுள் ஆப்தீன் மாளிகை ஒன்றிலேயே 500 அறைகள் என்பர். பழைய கெய்ரோவிலுள்ள ஏழைகளின் சந்துகளுக்கு அந்த விளக்குகளின் ஒளி எட்டவில்லை.

இனி 1869ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துக்கு வருவோம். பத்தாண்டு உழைப்பின் பின் கால்வாய் முடிந்தது. தொடக்க காலத்தில் மாதந்தோறும் 20,000 உழவர் வலிந்து பிடிக்கப்பட்டு வெட்டிய கால்வாய் அது. கட்டாய ஊழியத்தை நிறுத்தியவன் இஸ்மாயிலே. அது அவனுக்குப் புகழ். ஆனால் கூலியாட்கள் போனதற்கும் நிலம் திரும்பியதற்கும் நட்டஈடாகக் கால்வாய்க் கொம்பனிக்கு 8 கோடி 40 இலட்சம் பிராங் கொடுக்கவேண்டும் என்று நடுவராயிருந்து தீர்ப்புச் சொன்னவர் மூன்றாம் நெப்போலியன். பிரெஞ்சுக் கொம்பனிக்கும் எகிப்துக்கும் இடையிலான வழக்கிற் பிரெஞ்சு அரசரே நடுவர்! இதற்கும் கெதீவ் தலையசைத்தான்.

விழாவுக்கு அழைப்புப் பெற்றவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். பிரெஞ்சு அரசி யூஜீனி, ஒஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசேப்பு, பிரஷ்யாவின் பட்டத்திளவரசர், ஒல்லாந்து இளவரசர் முதலிய அரச குலத்தார் வந்தனர். எழுத்தாளர், ஓவியர், பத்திரிகைக்காரர், கல்விமான்கள் வந்தனர். நோர்வே நாட்டு நாடகாசிரியர் இப்சனும் அவர்களுள் ஒருவர். இவர்கள் புறப்பட்ட துறைமுகத்திலிருந்து திரும்பி வீடு சேரும் வரை கப்பற் கூலி, விடுதிச் செலவு, உணவு, மது, வேடிக்கை பார்க்க நைல் நதிப் பயணம் யாவும் கெதீவின் கணக்கில். ஐரோப்பாவிலிருந்து 500 சமையற்காரரும் 1,000 பணியாட்களும் வரவழைக்கப்பட்டனர் என்று அக்காலத்தார் எழுதி வைத்துள்ளனர். (தோமஸ் குக் என்னும் பயண முகவர் மட்டும் தம் கூட்டத்தாரைத் தம் சொந்த ஏற்பாட்டிற் கூட்டிவந்தார். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கேனும் எகிப்திய உழவன் கடன்பட்டிருக்க வேண்டியதில்லை.)

யூஜீனி அரசிக்கென்று நைல் நதியின் கெசீராத் தீவிலிருந்த மாளிகை ஆயத்தமாயிற்று. பாரிஸில் அவ்வரசி வாழ்ந்த அறைகளைப் போலவே இங்கும் அறைகள் அலங்கரிக்கப்பட்டனவாம். விருந்தினர் கூர்ங்கோபுரங்களைப் பார்க்க வசதியாய்ப் புதிய வீதி போடப்பட்டது. கெசீரா மாளிகை பிற்காலத்தில் ஒரு பெரிய விடுதியாயிற்று. பணமுள்ள பயணிகள் அங்கு தங்குகின்றனர்.

நவம்பர் 16இல் போர்ட் சையிது துறைமுகத்தில் முஸ்லிம் உலமாக்களும் கிறித்தவக் குருமாரும் அடுத்தடுத்த பந்தல்களில் நின்று கால்வாயை ஆசீர்வதித்தனர். அன்றிரவு இஸ்மாயிலுக்கு உறக்கம் இருந்திருக்காது. எகிப்தின் போர்க்கப்பல் ஒன்று கால்வாய்க்குள் தரைதட்டி வழியை மறித்துவிட்டது. உலகத்து மன்னர்கள் வாயிலிற் காத்திருக்க, நடுவழியில் ஒரு கப்பல்! கெதீவ் தானே விரைந்து சென்றான். அதனை இழுக்க முடியாவிட்டால் வெடிவைத்துத் தகர்த்துவிடலாம் என்றும் துணிந்தான் என்று லெசெப்ஸ் பின்னர் எழுதினார். நல்லவேளையாக அது விலக்கப்பட்டது. 17ஆந் திகதி காலை யூஜீனி அரசியின் கப்பல் முன்செல்ல, கப்பல் வரிசை பாலைவனத்துக்குள் நுழைந்தது. அடுத்த நாள் இஸ்மாயிலியா நகரில் நடனவிருந்து. அதற்கென்றே அங்கு ஒரு மாளிகை ஆறு மாதத்திற்குள் எழுப்பப்பட்டிருந்தது. அளவுக்கு மிஞ்சிய கூட்டத்தால் நெருக்குண்டு, உணவு மேசையை அணுக முடியாமற் பலர் திண்டாடினர் என்று வந்தவர்களே எழுதியுள்ளனர். இந்த விழாவுக்கு ஆன செலவைப் பற்றி ஒருவர் கணக்கு மற்றொருவர் கணக்கோடு ஒவ்வாது. பத்து இலட்சம் பவுணுக்கு மேல் என்பதிற் பலர் ஒத்துப்போகின்றனர்.

சுல்தானுக்கு இவையெல்லாம் எட்டின. தன் மாகாண அதிபதி தன்னைக் கேளாமலே உலகத்து அரசர்களுக்குத் தன் பேரில் ஓலை விடுப்பதா? விருந்தினர் வீடு திரும்பு முன்னரே, இனிமேல் சுல்தானின் உத்தரவின்றி எகிப்து வெளிநாட்டுக் கடன் வாங்கலாகாது என்று ஆணை பிறந்தது. அவ்வாணை நடைமுறையில் இருந்திருக்குமாயின் எகிப்து தப்பியிருக்கும். ஆனால் 1873இல் மேலும் பொன்னைக் கொட்டிக் கெதீவ் அதனை நீக்குவித்துக் கொண்டான். கடன் வாங்கும் உரிமையைக் கடன்பட்ட பணத்தாலேயே விலைக்கு வாங்கிய மன்னன் வேறெவனும் இருந்ததாக நாம் அறியோம்.

இசை நாடகத்தின் கதையையும் சொல்ல வேண்டும். கெய்ரோவில் ஓர் ஒப்பெரா மண்டபம் ஏறக்குறைய ஆறு மாதத்திற்குள், பெரும்பாலும் மரத்தால், கட்டப்பட்டு 1869 நவம்பர் 1இல் திறக்கப்பட்டது. இத்தாலிய இசைமேதை வெர்டியின் ‘ஐதா’ கால்வாய்த் திறப்புவிழாவுக்காக எழுதப்பட்டது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது சரியன்று. திறப்பன்று ஆடியது அவருடைய பழைய நாடகமாகிய ‘ரிகொலெட்டோ’. விழாவுக்கென ஒரு வாழ்த்துப்பாட்டு இயற்றிக் கேட்டபோது வெர்டி மறுத்துவிட்டார். விடுவானா இஸ்மாயில்? 1,50,000 பிராங் விலை பேசி, பண்டை எகிப்தின் கதையொன்றை நாடகமாக்குவித்தான். அதற்குரிய உடைகளும் திரைகளும் பாரிஸில் ஆயத்தமாகும் வேளையிற் பிரஷ்யப் படை அந்நகரை முற்றுகையிட்டது. அவை வெளியே வரமுடியாமல் அடைபட்டன. ஆகவே 1871 டிசம்பர் 24இலேதான் ‘ஐதா’ கெய்ரோவில் அரங்கேறியது. வெர்டி வரவில்லை. அந்த மரமண்டபம் ஒரு நூற்றாண்டு நின்று 1971இல் தீக்கிரையாயிற்று.

அவன் வேண்டாம் என்று சொன்னதும் ஒன்றுண்டு. பார்தொல்தி என்னும் பிரெஞ்சுச் சிற்பி, கையில் விளக்கேந்திய மாபெரும் பெண்ணுருவம் ஒன்றைச் சூயஸ் வாயிலிற் கலங்கரை விளக்கமாக நிறுவலாம் என்று வரைபடத்தோடு வந்தார். கெதீவ் ஒப்பவில்லை. அதே சிற்பி பின்னர் வேறொரு விளக்கேந்திய பெண்ணை ஆக்கினார். அவள் 1886 முதல் நியூயோர்க் துறைமுகத்தில் நிற்கின்றாள்.

1873ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசகுமாரர் மூவருக்கும் குமாரத்தி ஒருத்திக்கும் அடுத்தடுத்துத் திருமணம். நாற்பது நாள் விழா. வீதியெங்கும் விளக்கு, வாணவேடிக்கை, விருந்து. மணப்பெண்களின் சீர்வரிசைகள் படைவீரர் காவலோடு ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டன. நம் ஊர்களிலும் பிள்ளையின் கலியாணத்துக்குக் காணியை ஈடுவைத்து மேளமும் பந்தலும் போடுவோர் உளர். ஆனால் அவர்கள் ஈடுவைப்பது தம் காணியை. இவன் ஈடுவைத்தது பிறர் காணியை.

அந்த ஈட்டின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். இளைஞர்கள் இப்பகுதியைப் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறோம். இஸ்மாயில் பட்டத்துக்கு வந்தபோது எகிப்தின் வெளிநாட்டுக் கடன் ஏறக்குறைய 30 இலட்சம் பவுண். 1876இல் அது 9 கோடி பவுணுக்கு மேல். ஆனால் இத்தொகை முழுவதும் அவன் கைக்கு வந்ததென்று எண்ணலாகாது. 1873இல் வாங்கிய பெருங்கடனை எடுத்துக்கொள்வோம். பத்திரத்தில் எழுதியது 3 கோடி 20 இலட்சம் பவுண். தள்ளுபடி, தரகு, முற்பண வட்டி என்று கழித்தபின் எகிப்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய 2 கோடி. வட்டியோ பத்திரத்தில் எழுதிய முழுத்தொகைக்கும் கட்டவேண்டும். பழைய கடனின் வட்டிக்குப் புதிய கடன். புதிய கடன் கிடைக்கும் வரை நாளேறிய வட்டிக்குச் சில்லறைக் கடன். 1875இன் இறுதியில் எகிப்தின் கணக்கை ஆராய வந்த ஆங்கிலேயராகிய ஸ்டீபன் கேவ், இத்தனை கடனுக்கும் காட்டக்கூடிய பொருள் சூயஸ் கால்வாய் ஒன்றுதான், மற்றெல்லாம் வட்டிக்கும் தவணைக்கும் போய்விட்டது என்று தம் அறிக்கையில் எழுதினார். கெதீவின் மாளிகைகளைப் பற்றி இலண்டனிலும் பாரிஸிலும் நகைத்தவர்கள், அந்த மாளிகைகளுக்குப் பணம் கொடுத்த வங்கிக்காரர் அடைந்த இலாபத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

கட்டியவன் யார்? பெல்லாஹ் என்று அரபியில் அழைக்கப்படும் ஏழை உழவன். நிலவரி, பேரீச்ச மரத்துக்கு வரி, கால்நடைக்கு வரி. லக்சர் நகரில் நோய்தீர வந்து வாழ்ந்த டஃப் கோர்டன் சீமாட்டி என்னும் ஆங்கிலப் பெண்மணி, தன் அயலவராகிய உழவர்கள் வரியால் நொந்து அழிவதை வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் நெஞ்சுருகச் சொல்லியிருக்கிறார். வரி கொடாதவனுக்குக் ‘குர்பாஜ்’ என்னும் நீர்யானைத் தோற் சவுக்கடி. வரிகாரன் வரும் நாளில் மனைவியின் வெள்ளிக் காப்பும் கொலுசும் கிரேக்க வட்டிக்கடைக்காரனிடம் போயின. 1871இல் ‘முகாபலா’ என்றொரு சட்டம் வந்தது. ஆறாண்டு வரியை முன்கூட்டியே கட்டுகிறவனுக்கு என்றென்றைக்கும் பாதி வரி தள்ளுபடி என்பது அதன் வாக்குறுதி. நாளைய அரசின் வருவாயை இன்றே தின்னும் சட்டம் இது. பின்னர் அந்த வாக்குறுதியும் காற்றிற் போயிற்று.

இந்த வரிகளையெல்லாம் கறந்தெடுத்தவன் இஸ்மாயில் சித்தீக் என்னும் நிதி மந்திரி. கெதீவோடு ஒரே தாயிடம் பாலுண்டு வளர்ந்தவன். அவனும் தனக்கென மாளிகைகள் கட்டினான். 1876இல் ஐரோப்பியர் கணக்குக் கேட்க வந்தபோது, அவன் வாய் திறந்தால் எல்லாம் வெளிப்படும் என்ற நிலை. நவம்பர் மாதத்தில் ஒருநாள் கெதீவ் அவனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு கெசீரா மாளிகைக்குப் போனான். யூஜீனி அரசிக்கு அலங்கரித்த அதே மாளிகைதான். உள்ளே போன மந்திரி வெளியே வரவில்லை.

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் வரலாறு ஆகாது. அவன் காலத்தில் எகிப்தின் இருப்புப்பாதை பலமடங்கு நீண்டது. தந்திக் கம்பிகள், பாலங்கள், பல்லாயிரம் மைல் நீர்ப்பாசனக் கால்வாய்கள், துறைமுகங்கள் தோன்றின. நூற்றுக்கணக்கில் இருந்த தொடக்கப் பள்ளிகள் ஆயிரக்கணக்காயின. 1870இல் தேசிய நூல்நிலையம் நிறுவப்பட்டது. 1873இல் அவன் மனைவியருள் ஒருத்தியின் ஆதரவிற் பெண்களுக்கு அரசாங்கப் பாடசாலை திறக்கப்பட்டது. அடிமை வாணிகத்தை ஒழிக்க உடன்படிக்கை செய்தான். ஓரளவு ஆலோசனை கூறும் சபை ஒன்றையும் 1866இற் கூட்டினான். அவனை வெறும் ஊதாரி என்று எழுதிவைத்தோர், அவனுக்குப் பின் அந்நாட்டை ஆளவந்தோரும் அவர்களைச் சார்ந்தோருமே என்பதை மறக்கலாகாது. ஆயினும் பள்ளிக்கூடத்தையும் நடனமண்டபத்தையும் ஒரே கடனிற் கட்டியவன், கடன்காரன் வந்தபோது இரண்டையும் காப்பாற்ற முடியாமற் போனான். அவனுக்காக வாதாடுவோரும் இதனை மறுக்க மாட்டார்.

போதாக்குறைக்குப் போர். நைலின் ஊற்றுவரை தன் ஆட்சி பரவ வேண்டும் என்று அபிசீனியாவின் மீது படை அனுப்பினான். அமெரிக்க உள்நாட்டுப் போரிற் சண்டையிட்டு வேலையற்றிருந்த அதிகாரிகளைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தான். 1875 நவம்பரில் குண்டெட்டிலும் 1876 மார்ச்சில் குராவிலும் அப்படை முறியடிக்கப்பட்டது.

1875 நவம்பரில், அடுத்த வட்டித் தவணைக்கு வழியின்றி, கால்வாய்க் கொம்பனியில் எகிப்துக்கு இருந்த 1,76,602 பங்குகளை விற்க முன்வந்தான். பாரிஸில் விலை பேசிக்கொண்டிருக்கும்போதே இலண்டனில் டிஸ்ரேலி முந்திக்கொண்டார். பாராளுமன்றம் கூடாத காலம். றொத்சைல்ட் வங்கியிடம் கைமாற்று வாங்கி, ஏறக்குறைய 40 இலட்சம் பவுணுக்குப் பங்குகள் முழுவதையும் பிரித்தானியா வாங்கிவிட்டது. எகிப்தின் மண்ணில், எகிப்தியரின் வியர்வையில் வெட்டிய கால்வாயில் எகிப்துக்குப் பங்கில்லாமற் போயிற்று. அந்தப் பணம் சில மாதங்களுக்கும் காணவில்லை.

1876இல் கடன் தவணை நின்றது. கடன்கொடுத்தோரின் பிரதிநிதிகள் கெய்ரோவிற் காரியாலயம் போட்டு அமர்ந்தனர். ஓர் ஆங்கிலேயரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் வரவுசெலவை மேற்பார்த்தனர். வருவாயிற் பாதிக்கும் மேல் வட்டிக்குப் போயிற்று. 1877இல் நைல் பெருகவில்லை. அடுத்த ஆண்டு மேல் எகிப்திற் பஞ்சத்தால் மக்கள் மாண்டனர். அவ்வேளையிலும் வட்டி கறாராக அறவிடப்பட்டது. கெதீவ் தன் குடும்ப நிலங்களையும் ஒப்படைத்தான். வெள்ளைக்காரர் இருவர் மந்திரிகளாயினர். செலவைக் குறைக்க இராணுவ அதிகாரிகள் 2,500 பேருக்குப் பாதிச் சம்பளம் என்று உத்தரவானது. 1879 பெப்ரவரியில் அவர்கள் வீதியிலிறங்கி முதன்மந்திரியின் வண்டியை மறித்தனர். இதைச் சாக்காக வைத்து இஸ்மாயில் ஐரோப்பிய மந்திரிகளை நீக்கினான். மக்கள் உள்ளத்தில் அன்றுதான் அவனுக்கு முதன்முறையாக இடம் கிடைத்தது போலும். காலங் கடந்துவிட்டது. கடன்கொடுத்த நாடுகள் சுல்தானை நெருக்கின.

1879 யூன் 26ஆந் திகதி காலையிற் கெய்ரோவுக்கு இரண்டு தந்திகள் வந்தன. ஒன்றின் முகவரி: எகிப்தின் முன்னாட் கெதீவ் இஸ்மாயில் பாஷா. அதனைக் கையில் எடுத்துச் சென்று கொடுக்க அரண்மனையில் ஒருவருக்கும் துணிவு வரவில்லையாம். மற்றத் தந்தி மகன் தௌபீக்குக்கு. அதில் அவனே கெதீவ். எந்தப் பட்டத்துக்காகத் திறையை இருமடங்காக்கினானோ, எந்த அரசுரிமையை மகனுக்கென்று விலைகொடுத்து வாங்கினானோ, அவையிரண்டும் ஒரே காலையில் அவனை விட்டு நீங்கி அந்த மகனிடம் போயின. நான்கு நாளின் பின் அலெக்சாந்திரியாவில் ‘மஹ்ரூசா’ என்னும் தன் உல்லாசக் கப்பலிற் பெட்டிகளும் பரிவாரமுமாக ஏறி இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர் நோக்கிப் புறப்பட்டான். 1865இல் இலண்டனில் அவனுக்காகக் கட்டப்பட்ட கப்பல் அது. 1952 யூலை 26இல் அவன் பேரன் பாறூக் மன்னனும் முடிதுறந்து இதே கப்பலில் ஏறி, இதே நேப்பிள்ஸுக்கே போனான். மன்னர்கள் போய்விட்டனர், கப்பல் இருக்கிறது. 2015 ஓகஸ்டில் விரிவாக்கிய கால்வாயைத் திறந்தபோதும் அதுவே முன்சென்றது.

இனி, முன்பு சொல்லுவோம் என்றதைச் சொல்லுவோம். பாதிச் சம்பளத்தால் மனம் கொதித்த படையிலே அகமது ஒராபி என்னும் ஓர் அதிகாரி இருந்தார். கிராமத்து உழவர் குடியிற் பிறந்தவர். துருக்கியருக்கே உயர்பதவி என்ற நிலையால் இஸ்மாயில் காலம் முழுவதும் பதவியுயர்வின்றிக் காத்திருந்தவர். 1881 செப்டெம்பர் 9இல் அவர் படையோடு வந்து ஆப்தீன் மாளிகையின் முன் நின்று மக்களுக்கு ஒரு பாராளுமன்றம் வேண்டும் என்று தௌபீக்கைக் கேட்டார். அந்த 500 அறை மாளிகையின் வாசலில் எகிப்திய உழவன் மகன் ஒருவன் உரிமை கேட்டு நின்றது அதுவே முதன்முறை. கடன்கொடுத்தோர் அஞ்சினர். 1882 யூலை 11இல் ஆங்கிலக் கப்பற்படை அலெக்சாந்திரியாவைக் குண்டுவீசித் தாக்கிற்று. செப்டெம்பர் 13இல் தெல்-எல்-கெபீர் என்னுமிடத்தில் ஒராபியின் படை தோற்றது. மரணதண்டனை விதித்து, பின் நாடுகடத்தலாக மாற்றி, அவரையும் தோழர் அறுவரையும் இலங்கைக்கு அனுப்பினர். 1883 ஜனவரியில் அவர்கள் கொழும்பில் வந்திறங்கினர். 

கொழும்பிலும் பின்னர்க் கண்டியிலும் ஒராபி பாஷா வாழ்ந்த பதினெட்டு ஆண்டுகள் நம் நாட்டு வரலாற்றிற் சேர்ந்தவை. 1892இல் மருதானையில் ஸாஹிராக் கல்லூரி தோன்ற முஸ்லிம் பெரியோர் முயன்றபோது அவர் உடனிருந்து ஊக்கினார். கண்டியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அவர் நினைவாகப் பேணப்படுகிறது. அவரோடு வந்த மஹ்மூத் சாமி அல்-பாரூதி அரபு மொழியின் பெருங்கவிஞர். சரந்தீவிலிருந்து தாய்நாட்டை நினைந்து அவர் பாடிய பாடல்களை அரபு நாட்டார் போற்றுவர். ஏறக்குறையக் கண்பார்வை இழந்த நிலையில் 1899இல் அவர் நாடு திரும்பினார். வேறு சிலர் திரும்பவேயில்லை, இம்மண்ணிலேயே அடக்கமாயினர்.

இஸ்மாயிலோ இத்தாலி மன்னர் இரவல் கொடுத்த மாளிகையிற் சில காலம் வாழ்ந்தான். மீண்டும் கெதீவாகலாம் என்று ஐரோப்பியத் தலைநகரங்களைச் சுற்றினான். ஈற்றிற் சுல்தானின் நிழலுக்கே திரும்பி, பொஸ்பரஸ் கரையிலுள்ள எமிர்கான் மாளிகையிற் காவற்கைதி போல இருந்தான். 1895 மார்ச்சு 2ஆந் திகதி அங்கு இறந்தான். உயிரோடு எகிப்துக்குத் திரும்ப அனுமதி கிடைக்கவில்லை, உடலுக்குக் கிடைத்தது. கெய்ரோவில் 1869ஆம் ஆண்டில், கால்வாய் விழாவின் அதே ஆண்டில், அவன் தாய் தொடங்கிய ரிபாயிப் பள்ளிவாசல், கட்டடவேலை நின்றுபோய் அரைகுறையாகக் கிடந்தது. அங்கேதான் அவனை அடக்கம் செய்தார்கள்.

அவ்வேளை ஒராபி பாஷா இலங்கையிலிருந்து விடுதலைக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார். 1901இல் அவர் திரும்பலாம் என்று மன்னிப்பு வழங்கியவன் இஸ்மாயிலின் பேரனாகிய அப்பாஸ் கெதீவ். ஊர் திரும்பிய ஒராபி 1911இற் காலமானார். அடுத்த ஆண்டில் ரிபாயிப் பள்ளிவாசல் கட்டிமுடிந்தது.